பொத்தானை அமுக்கினால் பாட்டு வந்துவிடுமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செம்பூரில் என் வீட்டுக்கு என் மனைவியின் அண்ணன் வந்திருந்தார். வழக்கம்போல் காப்பியும், வழக்கம்போல் ஒரு வாக்குவாதமும் ஆயிற்று. உள்ளறையில் என் இளைய மகள் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கதவிடுக்கின் வழியாக ஓர் ஒலி வந்துகொண்டிருந்தது. தூரத்தில் கூட்ஸ் வண்டி போவது போலவும் இருந்தது. யாரோ தம்புராவை மீட்டிவிட்டு எழுந்து போய்விட்டது போலவும் இருந்தது. மைத்துனர் சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, நல்ல வேலையை இவள் விட்டது இதற்காகவா? இது வாசிப்பு இல்லை. பொத்தானை அமுக்குகிறாள், அது பாட்டுக்கு ஓடுகிறது. இதற்கு ஒரு வருஷம் வேறு கேட்கிறாளாமே?"

இப்படிக் கேட்பதற்கு அவர் உரிமை உள்ளவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த நகரத்தில் ஹிந்திப் படங்களின் இசைக்குழுக்களில் பிடில் வாசித்தவர். காலை லோக்கலில் நெரிசலுக்கு மேலே பிடில் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போவார். அந்தக் காலத்தில் ஒரு பாட்டின் ஒலிப்பதிவுக்கு அறுபது, எழுபது பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசித்தது சர்வ சாதாரணம். கோவாக்காரர்கள், பார்சிகள், வங்காளிகள், நம்மவர்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து, எழுதி வைத்த ஸ்வரங்களைப் பார்த்து ஒரே மூச்சில் வில்லை இழுப்பார்கள். ஒருவர் தப்பு செய்தால் எழுபது பேரும் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். 1990-களில் கீபோர்டும் கம்ப்யூட்டரும் அந்தக் கூடத்துக்குள் நுழைந்தன. நாற்பது பிடில்கள் செய்த வேலையை ஒரே ஆள் ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து செய்யத் தொடங்கினார். வாரத்தில் ஐந்து நாள் வந்த அழைப்பு இரண்டு நாளாயிற்று. அப்புறம் மாதத்தில் இரண்டாயிற்று. அப்புறம் டெலிபோன் அடிப்பதே நின்றது. மாதுங்காவிலும் சயானிலும் குழந்தைகளுக்குப் பிடில் சொல்லிக்கொடுத்துத்தான் அவர் தம் இரு பையன்களையும் படிக்க வைத்தார். ஆகவே யந்திரத்தோடு அவருக்குத் தீராத கணக்கு ஒன்று உண்டு.

என் மகள் கதை வேறு. சாப்ட்வேர் கம்பெனியில் ஆறு வருஷம் உழைத்தாள். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. "ஒரு வருஷம் எனக்குக் கொடுங்கள் அப்பா, ஒரே ஒரு ஆல்பம் செய்து பார்க்கிறேன். வராவிட்டால் திரும்ப வேலைக்குப் போகிறேன்" என்கிறாள். வயது இருபத்தொன்பது. அவள் அம்மாவின் கவலை என்னவென்று நான் எழுத வேண்டியதில்லை. பம்பாய்த் தமிழ்க் குடும்பங்களுக்கு அது மனப்பாடம்.

நிற்க. இந்தக் குடும்ப விவகாரத்தைப் பத்திரிகையில் எழுத வேண்டுமா என்று வாசகர்கள் நினைக்கலாம். இதே வழக்கு இன்று முலுண்டிலும் தானேயிலும் தாராவியிலும் பல வீடுகளில் நடக்கிறது என்பதால்தான் எழுதுகிறேன். கையில் ஒரு மடிக்கணினியும் காதில் ஹெட்போனுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை உழைக்கிறதா, பொழுது போக்குகிறதா என்று எந்தத் தகப்பனுக்கும் தெரிவதில்லை. சமையற்கட்டில் நின்றால் வாசனை வரும். பிடில் கற்றால் முதல் இரண்டு வருஷம் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள். இந்த மின்னணு இசைக்கோ வெளியே தெரிகிற அடையாளம் ஒன்றும் இல்லை.

நானும் மைத்துனர் கட்சியைச் சேர்ந்தவனாகத்தான் இருந்தேன். மகள் என்னோடு வாதாடவில்லை. ஒரு பழைய இசைத்தட்டை என் போனில் ஏற்றிக் கொடுத்து, "இதை ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள், சத்தத்தைக் குறைவாக வையுங்கள்" என்றாள். முதல் நாள் தூங்கிவிட்டேன். இரண்டாம் நாள் பாதி வரை கேட்டேன். மூன்றாம் நாள், இதை எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அந்தத் தட்டின் பெயர் "அனதர் கிரீன் வேர்ல்ட்", இன்னொரு பசுமை உலகம். 1975-ல் லண்டனில் உருவானது. செய்தவர் பிரையன் ஈனோ. இங்கிலாந்தில் சஃபோக் பகுதியில் 1948-ல் பிறந்தவர், தபால்காரரின் மகன். படித்தது ஓவியப் பள்ளியில். சங்கீதம் முறையாகக் கற்றவர் அல்லர். தம்மை வித்வான் அல்லாதவர் என்றே சொல்லிக்கொள்பவர். 1971 முதல் 1973 வரை ராக்ஸி மியூசிக் என்ற குழுவில் சிந்தசைஸரையும் டேப் ரிக்கார்டரையும் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் வாசிப்பதைத் திரித்தும் வளைத்தும் தருவதுதான் அவருடைய வேலையாக இருந்தது. பிறகு பிரிந்து தனியாகத் தட்டுகள் வெளியிட்டார்.

1975 ஜனவரியில் ஒரு டாக்ஸி மோதி அவர் படுக்கையில் விழுந்தார். பார்க்க வந்த தோழி ஜூடி நைலான் பதினெட்டாம் நூற்றாண்டு ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் போன பிறகு ஈனோ சிரமப்பட்டுத் தட்டை ஓடவிட்டுப் படுத்துக்கொண்டார். அப்புறம்தான் தெரிந்தது, சத்தம் மிகக் குறைவாக இருக்கிறது, இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று வேலை செய்யவில்லை. எழுந்து சரிசெய்ய உடம்பில் தெம்பில்லை. வெளியே மழை. மழைச் சத்தத்தினூடே ஹார்ப்பின் உரத்த ஸ்வரங்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காதில் விழுந்தன. அறையின் வெளிச்சத்தைப் போல, மழையைப் போல, இசையும் இருக்குமிடத்தின் ஓர் அங்கமாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதாம். இது ஈனோ தாமே எழுதிய கதை. அந்தத் தோழியோ, அது தற்செயலாக நடந்ததல்ல, மழைக்குத் தக்கபடி சத்தத்தைப் பார்த்து வைத்ததுதான் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்டால் தோழி பக்கம்தான் நம்புவேன். பெரிய மனிதர்களின் ஞானோதயக் கதைகளில் உதவிக்கு வந்தவர்களின் கைங்கரியம் மறைந்துபோவது உலக வழக்கம்.

உடம்பு தேறியதும் அந்த ஆண்டு மே மாதம் வீட்டிலேயே ஒரு பரிசோதனை செய்தார். இரண்டு டேப் ரிக்கார்டர்களைச் சற்று இடைவெளி விட்டு வைத்து, ஒரே நாடாவை இரண்டின் வழியாகவும் ஓடவிட்டார். முதல் யந்திரம் பதிந்ததைச் சில விநாடி கழித்து இரண்டாவது யந்திரம் ஒலிக்கும். அந்த ஒலி மறுபடியும் முதல் யந்திரத்துக்கே போய்ப் பதியும். கோயில் பிராகாரத்தில் நாயனக்காரர் ஊதியது சுற்றி வந்து அவர் காதிலேயே விழுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சிந்தசைஸரில் இரண்டு சிறு மெட்டுத் துண்டுகளை வாசித்து இந்தச் சுழலில் விட்டுவிட்டு, வாசற்கதவு தட்டினால் போய்த் திறந்தார், டெலிபோன் வந்தால் எடுத்தார். இசை தானே ஓடிக்கொண்டிருந்தது. "டிஸ்கிரீட் மியூசிக்" என்ற பெயரில் வெளியான தட்டின் முதல் பக்கம் முழுவதும், அரை மணி நேரம், இதுதான். இந்த இரட்டை யந்திர வித்தையை 1960-களிலேயே கையாண்டவர் அமெரிக்காவின் டெரி ரைலி. அவர் 1970-ல் கிரானா கரானாவைச் சேர்ந்த பண்டிட் பிராண்நாத்திடம் சிஷ்யராகச் சேர்ந்து, தம்புராவுக்கு முன்னால் உட்கார்ந்து சாதகம் செய்தவர் என்பதையும் சொல்லிவைக்கிறேன். சும்மா ஓடிக்கொண்டே இருக்கிற ஒலி நமக்குப் புதிதல்ல. அதைப் பின்னால் வைத்துக்கொண்டுதானே நாம் பாடுகிறோம்?

மைத்துனரின் குற்றச்சாட்டுக்கு இந்த அரை மணி நேரத் தட்டு சாட்சியாகிவிடும். கதவைத் திறக்கப் போனவர் கலைஞரா என்று அவர் கேட்பார், எனக்குத் தெரியும். ஆகவே நான் என் வழக்கை அதன்மேல் கட்டவில்லை. இரண்டு மாதம் கழித்து நடந்ததன்மேல் கட்டுகிறேன்.

1975 ஜூலையில் லண்டனில் பேஸிங் தெருவிலுள்ள ஐலண்ட் ஸ்டூடியோவுக்குள் ஈனோ நுழைந்தார். அது பழைய தேவாலயமாக இருந்த கட்டிடம். வேலைக்குப் போகிறவர் கையில் ஏதாவது எடுத்துப்போவார் அல்லவா? இவர் ஒன்றும் எடுத்துப்போகவில்லை. ஒரு பாட்டுக்கூட எழுதவில்லை, ஒரு மெட்டுக்கூடத் தயாரில்லை. ஸ்டூடியோவையே ஒரு வாத்தியமாக வாசித்துப் பார்ப்போம், அங்கேயே என்ன பிறக்கிறதோ பிறக்கட்டும் என்பது எண்ணம். முதல் நான்கு நாட்கள் ஒன்றும் பிறக்கவில்லை. ஸ்டூடியோ என்பது மணிக்கணக்கில் காசு கரையும் இடம். என் மைத்துனர் காலத்தில் ஒரு ஷிப்டுக்குள் பாட்டு முடியாவிட்டால் தயாரிப்பாளரின் மானேஜர் கடிகாரத்தைப் பார்த்தபடியே கூடத்துக்குள் நடந்துகொண்டிருப்பாராம். அப்படிப்பட்ட இடத்தில் நான்கு நாள் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பதற்கு எவ்வளவு திடம் வேண்டும், அல்லது எவ்வளவு அசட்டுத் துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன்.

அப்புறம் சீட்டுகளை எடுத்தார். ஓவியர் பீட்டர் ஷ்மிட்டும் அவரும் சேர்ந்து அந்த ஆண்டுதான் ஒரு பெட்டிச் சீட்டுகளை அச்சிட்டிருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன யோசனை. வேலை ஸ்தம்பித்து நின்றால் ஒரு சீட்டை உருவி, அதில் கண்டபடி செய்ய வேண்டும். நம் ஊர்க் கிளி ஜோஸ்யம்தான், கிளி மட்டும் இல்லை. தவறிச் செய்ததை உள்ளே ஒளிந்திருந்த எண்ணமாக மதித்து நடத்து என்பது அவற்றில் ஒரு சீட்டின் சாரம். மைத்துனரிடம் இதைச் சொன்னேன். "எங்கள் காலத்தில் தவறிச் செய்தால் அடுத்த நாள் கூப்பிட மாட்டார்கள்" என்றார்.

வாசிக்க வந்தவர்கள் சாமான்யர்கள் அல்லர். ராபர்ட் ஃபிரிப் கிதாரில் மகா வேகக்காரர். அவரிடம் ஈனோ ஸ்வரம் எழுதிக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பௌதிக அறையில் விம்ஷர்ஸ்ட் யந்திரம் என்று ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வட்டத் தட்டுகள் எதிரெதிராகச் சுழலும், இரண்டு உலோகக் குண்டுகளுக்கு நடுவே சடசடவென்று பொறி பாயும். அந்தப் பொறி பாய்வதை மனத்தில் நினைத்துக்கொண்டு வாசியுங்கள் என்றாராம். "செயின்ட் எல்மோஸ் ஃபயர்" என்ற பாட்டின் நடுவே அந்தக் கிதார் வருகிறது. எனக்கு மேல்நாட்டு சங்கீத ஞானம் ஒன்றும் கிடையாது; ஆனால் அந்த இடத்தில் பொறி பறப்பது எனக்கே கேட்டது. பில் காலின்ஸ் மூன்றே துண்டுகளில் டிரம் வாசித்தார். ஒரு காகிதத்தில் எண்களை வரிசையாக எழுதிக் கொடுத்து, இந்த எண்ணுக்கு இந்த ஸ்வரம், அந்த எண்ணுக்கு அந்த ஸ்வரம் என்று வாசிக்கச் சொன்னதாக அவர் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். ஜான் கேல் வயோலா வாசித்தார். அது பிடிலுக்கு அண்ணன் முறை. கிதாரைச் சிறு சுத்தியலால் தட்டி, அந்த ஒலியை யந்திரத்தில் திரித்து, அதற்குச் சப்ளாக்கட்டைக் கிதார் என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் வைத்தார்கள். நெளிந்து ஓடுகிற இன்னொரு கிதாருக்குப் பாம்புக் கிதார் என்று பெயர். தட்டின் உறையிலேயே இப்படித்தான் அச்சிட்டிருக்கிறது.

பாட்டுக்கு வார்த்தைகள் பிறந்த விதத்தைக் கேட்டால் கோடம்பாக்கத்தை அறிந்தவர்கள் புன்னகை செய்வார்கள். பதிந்த இசையை ஓடவிட்டு, அதன்மேல் அர்த்தமில்லாத ஓசைகளைத் தமக்குள் பாடிப் பார்த்து, அந்த ஓசைகள் எந்தச் சொற்களை நெருங்குகின்றனவோ அவற்றைப் பிடித்து எழுதினார். மெட்டுக்குத் தத்தகாரம் போட்டுக் கவிஞரிடம் கொடுக்கும் நம் வழக்கத்துக்கு இது தூரத்து உறவு. இங்கே தத்தகாரம் போட்டவரும் கவிஞரும் ஒரே ஆள்.

ஆகஸ்டுக்குள் வேலை முடிந்தது. சுமார் நாற்பது நிமிடம், பதினான்கு துண்டுகள். அவற்றில் ஐந்தில்தான் வார்த்தைகள் உண்டு. ஏழு துண்டுகளில் ஈனோவைத் தவிர வேறு யாரும் வாசிக்கவில்லை. பாட்டுக்கும் சூழலிசைக்கும் நடுவிலுள்ள திண்ணையில் உட்கார்ந்திருக்கிற தட்டு இது. ஒரு பாட்டு வரும். அது போன பிறகு, அது வந்துபோன அறை மட்டும் இரண்டு நிமிடம் ஒலிக்கும். வெளிவந்தபோது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலில் அது இடம் பெறவேயில்லை. ஒன்றரை நிமிடமே ஓடுகிற அதன் தலைப்புத் துண்டைப் பிற்பாடு பி.பி.சி. தன் "அரீனா" கலை நிகழ்ச்சிக்கு முகப்பு இசையாக எடுத்துக்கொண்டது. எழுபதுகளின் மிகச் சிறந்த தட்டுகளைப் பட்டியல் போடுகிறவர்கள் இப்போது அதை முன்வரிசையில் வைக்கிறார்கள்.

இதில் பொத்தான் எங்கே இருக்கிறது? இருக்கிறது, இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் பொத்தானை அமுக்கினால் ஒலிதான் வரும். எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்கிற காது பொத்தானில் கிடையாது. அடுத்த தட்டுக்காக இரண்டு ஆண்டு உழைத்து நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளை உண்டாக்கி, பத்தே பத்தை வைத்துக்கொண்டார் அதே ஈனோ. "விண்டோஸ் 95" கம்ப்யூட்டரைத் திறந்தவுடன் சில விநாடி ஒரு ஒலி வருமே, ஆபீஸ்களில் வேலை பார்த்தவர்களுக்கு மறக்காது, அதைச் செய்தவரும் அவரே. அந்தச் சில விநாடிகளுக்காக 84 துண்டுகள் செய்ததாகப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். எண்பத்து மூன்றைத் தள்ளிய மனிதனைப் பொத்தான் அமுக்கியவன் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

அதற்காக நான் அவருக்குப் பூமாலை போடவும் இல்லை. வித்வான் அல்லாதவன் என்று சொல்லிக்கொள்வதில் கொஞ்சம் வேஷம் இருக்கிறது. பக்கத்தில் ஃபிரிப்பும் கேலும் நின்றால் யாரும் வித்வான் அல்லாதவனாக இருந்துகொள்ளலாம். அவர்கள் கைகளில் இருந்தது பத்துப் பதினைந்து வருஷத்துச் சாதகம். 1978-ல் விமான நிலையங்களுக்கென்று ஒரு தட்டு செய்து "ஆம்பியன்ட்" என்று பெயரிட்டு, கவனித்தாலும் சரி, கவனிக்காவிட்டாலும் சரி என்று ஒரு கொள்கையும் எழுதினார். அதை நான் ஒருமுறை கேட்டேன்; எனக்கு அது போதும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. அந்த நான்கு நாள் வாடகையை யார் கொடுத்தது? ஸ்டூடியோவும் ஐலண்ட் கம்பெனியுடையது, தட்டை வெளியிட்டதும் அதே கம்பெனி. முந்தைய தட்டுகள் பெரிதாக விற்காத ஓர் ஆளை, கையில் பாட்டில்லாமல் உள்ளே விட ஒரு முதலாளி இருந்தார். நம் பிள்ளைகளுக்கு அப்படி முதலாளி யாரும் இல்லை. வீடுதான் ஸ்டூடியோ, தகப்பன்தான் கம்பெனி. சரித்திரத்தில் ஒரு நல்ல தட்டைப் பற்றிப் படிக்கும்போது அந்த நான்கு வெற்று நாட்கள் நமக்கு வீரமாகத் தெரிகின்றன. நம் வீட்டு உள்ளறையில் நான்கு மாதம் வெறுமையாகப் போனால் சோம்பேறித்தனமாகத் தெரிகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் முடிவு தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் உள்ள வித்தியாசம்தான். இதை ஒப்புக்கொள்ள எனக்குச் சில வாரங்கள் ஆயின.

லண்டன் எதற்கு, இந்தப் பம்பாயிலேயே ஒரு கதை உண்டு. சரண்ஜித் சிங் என்பவர் ஹிந்திப் பட இசைக்குழுக்களில் கிதாரும் கீபோர்டும் வாசித்தவர். 1982-ல் மூன்று ஜப்பானிய யந்திரங்களை வைத்துக்கொண்டு, தனி ஆளாகப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு எல்.பி. பதிவு செய்தார். எச்.எம்.வி. வெளியிட்டது. நமது கல்யாணிக்கு உறவான யமன், மோகனத்துக்கு உறவான பூபாளி, ஹிந்தோளத்துக்கு உறவான மால்கௌன்ஸ் எல்லாம் அதில் உண்டு. அன்று யாரும் சீந்தவில்லை. 2010-ல் அதை மறுபடி வெளியிட்டபோது, ஐந்து வருஷம் கழித்துச் சிக்காகோவில் பிறந்ததாக எண்ணியிருந்த ஒரு வகை இசையின் சாயல் இதில் இருக்கிறதே என்று மேல்நாட்டார் வியந்தார்கள். வயதான காலத்தில் அழைப்புகள் வந்தன, வெளிநாட்டு மேடைகளில் வாசித்தார், 2015-ல் காலமானார். அவர் அந்தத் தட்டைப் பதிந்த அதே 1982-ல்தான் பிரிட்டனில் இசைக் கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சிந்தசைஸரைத் தடை செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பிழைப்புப் போகிறது என்ற பயம். இன்று அதைப் படித்துச் சிரிக்கிறார்கள். என் மைத்துனரைத் தெரிந்ததால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் பயந்தபடி லண்டனில் நடந்ததோ இல்லையோ, பம்பாயில் நடந்தது.

ஆனால் இங்கே இரண்டு விஷயங்களைக் குழப்பக் கூடாது என்பது என் அபிப்பிராயம். நாற்பது பிடிலுக்குக் கொடுக்கிற கூலியை மிச்சப்படுத்த, பிடில் மாதிரியே ஒலிக்கிற ஒரு யந்திரத்தை வைப்பது ஒன்று. எந்தப் பிடிலிலும் வராத ஒலியைத் தேடி யந்திரத்திடம் போவது இன்னொன்று. முதலாவது கணக்குப்பிள்ளை செய்கிற காரியம். அதில் மைத்துனர் கோபம் முழுக்க நியாயமானது. இரண்டாவதை அந்தக் கோபத்தில் சேர்ப்பது நியாயமல்ல. ஈனோ வயோலாவை விரட்டிவிட்டு யந்திரத்தை வைக்கவில்லை, வயோலாக்காரரையும் கூப்பிட்டார். 1989-ல் கோடம்பாக்கத்து வீட்டுப் பின்புறத்தில் ஏ. ஆர். ரஹ்மான் ஒரு சிறு ஒலிப்பதிவுக் கூடம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாரே, அங்கேயும் யந்திரம்தான் இருந்தது. அதிலிருந்து வந்த "ரோஜா" வேறு யாருடைய ஒலியின் போலி என்று யாரும் சொல்ல முடியவில்லை.

இதை நான் சொன்னபோது மைத்துனர் ஒரு கேள்வி போட்டார். அதற்கு இன்னும் எனக்குச் சரியான பதில் இல்லை. "சரி மாப்பிள்ளை. இப்போது கம்ப்யூட்டரிடம் 'மழை நேரத்து இதமான இசை, மூன்று நிமிடம்' என்று எழுதிக் கொடுத்தால் அதுவே செய்து தருகிறதாமே? யூட்யூபில் தூக்கத்துக்கு, தியானத்துக்கு என்று மணிக்கணக்கில் ஓடுகிறதே, அதெல்லாம் யார் செய்தது? எனக்குக் கீபோர்டு செய்ததை இவளுக்கு அது செய்யப் போகிறது. அப்போது நீங்கள் எந்தக் கட்சி?"

மகள் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். அவளுக்கும் அது தெரிந்தே இருந்தது. சூழலிசைதான் யந்திரத்துக்கு மிகச் சுலபமான இரை. பாட்டுக்கு ஒரு குரல் வேண்டும், முகம் வேண்டும். பின்னணியில் மெல்ல ஓடுகிற ஒலிக்குப் பெயர்கூட வேண்டாம். என் வாதத்துக்கு விரோதமான இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். தானே ஓடி, தானே மாறிக்கொண்டிருக்கும் இசையை ஈனோவே விரும்பினார். 1996-ல் அப்படிக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு தடவையும் வேறுவேறாக ஒலிக்கும் ஒரு படைப்பையும் வெளியிட்டார். அதில் விதிகளை அவர் எழுதினார், கேட்டுக் கேட்டுத் திருத்தினார் என்று நான் சமாதானம் சொல்லலாம். ஆனால் கேட்கிறவன் காதுக்கு அந்த வித்தியாசம் எத்தனை நாள் தெரியும் என்பதற்கு என்னால் ஜாமீன் கொடுக்க முடியாது.

செய்யக்கூடியது இரண்டு உண்டு. யந்திரம் தானே செய்த இசையென்றால் அதை விற்கிறவர்கள் அப்படியே குறிப்பிட வேண்டும். எண்ணெய் டின்னில் என்ன எண்ணெய் என்று எழுதச் சட்டம் இருக்கும்போது இதற்கு இருக்கக் கூடாதா? இரண்டாவது, அந்த யந்திரத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க எந்தெந்தப் பழைய ஒலிப்பதிவுகளைப் பயன்படுத்தினார்களோ அவற்றில் வாசித்தவர்களுக்குக் காசு போக வேண்டும். 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி உரிமை உறுதியாயிற்று. பின்வரிசையில் உட்கார்ந்து பிடில் வாசித்தவனுக்கு அன்றைய கூலி அன்றோடு சரி. என் மைத்துனர் வாசித்த பாட்டுகள் இன்றும் ரேடியோவில் ஒலிக்கின்றன. அவர் பெயர் எந்த உறையிலும் இல்லை. நம் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாவில் லவுட் ஸ்பீக்கரை அலற விடுவதற்குச் செலவழிக்கும் பணத்தில் சிறு பகுதியை எடுத்து, இந்நகரில் வாசித்த தமிழ்க் கலைஞர்கள் யார் யார், எந்தப் பாட்டில் வாசித்தார்கள் என்று அவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வைத்தால் நல்லது. நாளைக்கு யாராவது ராயல்டி கொடுக்க முன்வந்தாலும் யாருக்குக் கொடுப்பது என்று தெரிய வேண்டுமே.

மகளுக்கு அடுத்த தீபாவளி வரை என்று சொல்லியிருக்கிறேன். அவள் அம்மா பொங்கல் வரை நீட்டிக் கொடுத்தாள், ஆச்சரியம்தான்.

போன வாரம் மகள் அவரைக் கூப்பிட்டாள். "மாமா, ஒரே ஒரு ஸ்வரம். நீளமாக இழுத்தால் போதும். வருகிறீர்களா?" எழுபத்திரண்டு வயது மனிதர் செம்பூர் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோகூட எடுக்காமல் பெட்டியோடு நடந்து வந்தார். உள்ளறையில் நாற்காலி போட்டு, துணிகள் தொங்கும் அலமாரியைத் திறந்து வைத்து, மின்விசிறியை நிறுத்தி, மைக்கை வைத்தாள். அவர் இருபது நிமிடம் சுருதி சேர்த்தார், முணுமுணுத்துக்கொண்டே வில்லுக்கு ரோசனம் தடவினார், மறுபடியும் சேர்த்தார். பிறகு பஞ்சமத்தை ஒரே இழுப்பில் இழுத்தார். வெளியில் உட்கார்ந்திருந்த எனக்கு, அறுபது பேர் வாசித்த கூடம் எப்படி இருந்திருக்கும் என்று முதல் தடவையாகப் புரிந்தது.

இரண்டு நாள் கழித்து மகள் அதைப் போட்டுக் காட்டினாள். அந்த நீண்ட பஞ்சமம் அதில் இல்லை. சுருதி சேர்த்தபோது தந்திகள் முறுகி, உரசி, ஒன்றை ஒன்று தேடிய சத்தத்தைத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். மைத்துனருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் வாசித்ததை விட்டுவிட்டு, வாசிக்காததைப் போட்டிருக்கிறாயே!" என்றார். இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அது இருக்கட்டும், ஷிப்டுக்குக் கூலி எங்கே?" என்றார். மகள் சிரிக்காமல் பர்ஸை எடுத்து, பழைய ரேட்டா புது ரேட்டா மாமா என்று கேட்டாள்.